குரோஷியா கடலோரம்: நாலு கூட்டாளிகள், ஒரு கார். மலை டிரைவருக்கு வழி சொல்லுங்கள்

கட்டபெட்டு டிரைவர்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கட்டபெட்டு நம்ம ஊர். சொந்த வண்டி, டூரிஸ்ட் ஓட்டம். பள்ளிக்கூடத்திலிருந்தே நாங்கள் நாலு பேர் ஒரு செட். ஒருத்தன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இன்ஜினியர், ஒருத்தனுக்குக் குன்னூரில் பேக்கரி, ஒருத்தன் தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர், மிச்சம் நான். ‘எப்பவாவது சேர்ந்து எங்கேயாவது போகணும்’ என்று கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பேசிப் பேசியே தலை நரைத்துவிட்டது. இந்தத் தடவை ஜெர்மனிக்காரன் விடுவதாக இல்லை. முதலில் ஆல்ப்ஸ் மலை என்றான். ‘மலையில்தானேடா இருக்கிறோம், கடலைக் காட்டு’ என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அப்படித்தான் குரோஷியா வந்தது.

மே முடிந்தால் எனக்கு சீசன் முடிந்தது. நீலகிரிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு முன்போல ஓட்டமும் இல்லை. ஜூனில் மழை பிடித்துவிட்டால் வண்டி ஷெட்டில்தான் நிற்கும். அதனால் ஜூன் நடுவில் பத்துப் பன்னிரண்டு நாள் கிளம்பலாம் என்று நினைக்கிறோம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து அவன் காரிலேயே போவதா, அங்கே போய் வாடகைக் கார் எடுப்பதா? கல்லட்டியில் முப்பத்தாறு வளைவையும் தூக்கத்தில்கூட ஓட்டுவேன். ஆனால் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. அந்தக் கடலோரச் சாலை எப்படி? பேக்கரிக்காரன் சுத்த சைவம், மீன் வாசமே ஆகாது. சூப்பர்வைசருக்குப் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும் (கோத்தகிரியில் பிறந்தவன், நம்புங்கள்). எல்லாரும் டுப்ரோவ்னிக், டுப்ரோவ்னிக் என்கிறார்கள். அதுவரை போக வேண்டுமா, பாதியில் திரும்பலாமா? போய் வந்தவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

எல்லநள்ளி

அந்தக் காசில் தனுஷ்கோடிக்குப் பத்துத் தடவை போய் வரலாம் அண்ணே. அங்கேயும் கடல்தான், ரெண்டு பக்கமும் கடல். சும்மா சொன்னேன், போய்ட்டு வாங்க. போட்டோ போடுங்க.

குன்னூர்க்காரி, மியூனிக்

அண்ணா, நான் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம். இப்போது மியூனிக்கில் நர்ஸ். அப்பா எஸ்டேட் லாரி டிரைவர், அதனால் சாலை என்றால் எனக்கும் கொஞ்சம் வாய் நீளும். ஆஸ்பத்திரிச் சிநேகிதிகளோடு என் காரில் இதே வழியில் போயிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வரியில்: போகும்போது பழைய கடலோரச் சாலை, திரும்பும்போது ஏ1 எக்ஸ்பிரஸ்வே. மாற்றிச் செய்தால் பாதி சுகம் போச்சு.

காரணம் சொல்கிறேன். கடலோரச் சாலைக்கு டி8 என்று நம்பர். ரியெகா துறைமுகத்திலிருந்து டுப்ரோவ்னிக் தாண்டி மான்டினீக்ரோ எல்லை வரை போகிறது. யூகோஸ்லாவியா காலத்தில், 1960களில் போட்டு முடித்த சாலை. வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால் கடல் எப்போதும் உங்கள் வலப்பக்கம். அங்கே ஓட்டுவதும் வலப்பக்கம். ஆக நீங்கள் கடலை ஒட்டிய லேனில் போவீர்கள். வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிற இடங்களெல்லாம் உங்கள் கைப்பக்கம் வரும், எதிர்வண்டியைக் குறுக்கே வெட்ட வேண்டாம். தெற்கிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தொல்லை உண்டு. சூப்பர்வைசர் அண்ணனை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். அங்கே இடப்பக்கம் பாறைச் சுவர் மட்டும்தான் தெரியும்.

கார் விஷயம். நண்பர் கார்தான் நல்லது, ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஜெர்மன் காப்பீட்டில் யார் யார் ஓட்டலாம் என்று பெயர் போட்டிருப்பார்கள். உங்கள் பெயர் அதில் இல்லாமல் நீங்கள் ஓட்டி ஏதாவது ஆனால் பணம் அவர் தலையில் விழும். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னால் அந்த நாட்களுக்கு மட்டும் பெயர் சேர்ப்பார்கள். ஊட்டி ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும். நம்ம ஒரிஜினல் லைசென்சும் கூடவே இருக்க வேண்டும், அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது. வழியில் ஆஸ்திரியாவுக்கு ஒரு சாலை வில்லை (எக்ஸ்பிரஸ்வேயில் ஓட்டுவதற்கான கட்டணச் சீட்டு), ஸ்லோவேனியாவுக்கு ஒரு சாலை வில்லை. இரண்டையும் ஆன்லைனில் வாங்கிவிடலாம். ஆஸ்திரியாவில் டவெர்ன் மலைப் பாதைக்கும், ஸ்லோவேனியா எல்லையில் கரவங்கன் சுரங்கத்துக்கும் அது போக தனிக் காசு. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரே மூச்சில் ரியெகா போகாதீர்கள், ஸ்லோவேனியாவில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

வலப்பக்க ஓட்டம் ஒரு நாளில் பழகிவிடும். பெடல்கள் மூன்றும் நம்ம ஊர் மாதிரியே அதே வரிசையில்தான், கியர் மட்டும் வலது கைக்கு வரும். முதல் நாள் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும், ஏனென்றால் அந்தக் குச்சி அங்கே இடது கையில். அதெல்லாம் சிரிப்பு. கவனிக்க வேண்டியது வேறு. இத்தனை வருஷம் உங்கள் உடம்பு வலது ஸீட்டில் உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறது. இடது ஸீட்டுக்கு வந்ததும் வண்டி தானாக வலப்பக்கம், அதாவது பள்ளத்துப் பக்கம், ஒதுங்கும். உங்களுக்குத் தெரியாது, பக்கத்து ஸீட்டுக்காரர் கத்துவார். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று மனதில் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். வளைவில் ஹார்ன் அடிக்கிற பழக்கத்தை மலையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அங்கே யாரும் அடிப்பதில்லை. நாம் பயப்பட வேண்டியது மோட்டார் சைக்கிள்காரர்களைப் பார்த்து. வெயில் வந்தால் ஐரோப்பாவிலிருக்கிற பாதி பைக் இந்தச் சாலைக்கு வந்துவிடுமோ என்று தோன்றும். குருட்டு வளைவிலும் முந்துவார்கள்.

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிற ஒரு பகுதி இருக்கிறது, எனக்கு முழுப் பயணத்திலும் பிடித்தது அதுதான். ஸென் என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து ஸாதர் வரை. இடப்பக்கம் வெலெபிட் மலை நேராக எழும்பி நிற்கும். வலப்பக்கம் கடல், அதற்கு அப்பால் தீவுகள். அந்தத் தீவுகளின் மலையைப் பார்த்த பக்கத்தில் புல்பூண்டு இருக்காது, வெளுத்த சுண்ணாம்புப் பாறைதான். ஊர்கள் குறைவு, அதனால் ஸென்னிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். யப்லனாட்ஸ் என்ற ஊரில் சாலையை விட்டுக் கீழே இறங்கினால் ஸவ்ரட்னிட்சா என்று ஒரு குடா. இரண்டு பக்கமும் பாறை, நடுவே விரலாக நீளும் கடல். நடந்துதான் போக முடியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் படகு ஒன்று அடியில் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீர் அவ்வளவு தெளிவு, மேலேயிருந்தே தெரியும். மேப் போட்டால் ஏ1-இல் போகச் சொல்லும், நேரம் மிச்சம் என்று காட்டும். கேட்காதீர்கள். டி8-இல் இந்தத் துண்டுக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் போகிறோம்.

அங்கேதான் புரா காற்றும். நம் மலைக்காரர்கள் மழைக்கும் மூட்டத்துக்கும் பழகினவர்கள், காற்றை லேசாக எடுத்துக்கொள்வோம். வெலெபிட்டுக்குப் பின்னால் உள்நாட்டில் குளிர்ந்த காற்று தேங்கி, மலை முகட்டைத் தாண்டி பொங்குகிற பால் மாதிரி கடல் பக்கம் வழியும். ஒரே சீராக அடிக்காது, விட்டு விட்டு அறையும். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகூடப் பதிவாகியிருக்கிறது. ஜூனில் அவ்வளவு கடுமை இருக்காது, ஆனால் வராது என்று இல்லை. இதில் ஏமாற்று வேலை என்னவென்றால் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். முகட்டின் மேல் மட்டும் தொப்பி வைத்தது போல் வெள்ளை மேகம் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்தால் எச்சரிக்கை. சாலையை மூடும்போது உயரமான வண்டிகளையும் பைக்குகளையும் முதலில் நிறுத்துவார்கள், ரொம்ப மோசமானால் எல்லா வண்டிகளையும். எச்.ஏ.கே. என்ற குரோஷிய ஆட்டோ கிளப்பின் செயலியில் எந்தத் துண்டு மூடியிருக்கிறது என்று உடனுக்குடன் வரும். அப்புறம், காற்றடிக்கும்போது காரை நிறுத்தினால் ஒரே பக்கக் கதவைத் திறங்கள், திறக்கும்போதே மறு கையால் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் நின்றிருந்த காரில் ஒரு பெண் சாதாரணமாகக் கதவைத் திறந்தாள். காற்று பிடுங்கி முன் மட்கார்டில் அடித்தது, கீல் வளைந்து கதவு அப்புறம் மூடவே இல்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஸாதரில் கடற்கரைப் படிக்கட்டுகளுக்கு அடியில் 35 குழாய் பதித்து, அலை காற்றைத் தள்ளத் தள்ள ஊதுகிற கடல் ஆர்கன் இருக்கிறது. 2005-இல் கட்டினது. சாயங்காலம் படியில் உட்கார்ந்து கேளுங்கள், காசு கிடையாது. ஷிபெனிக்கில் முழுக்கக் கல்லாலேயே கட்டிய தேவாலயம், அரை நாள் போதும்.

ஸ்பிளிட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் டுப்ரோவ்னிக்கைவிட இதுதான் ஊர். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் பதவியை விட்டுவிட்டு வந்து இருந்த அரண்மனை. அதற்குள்ளேயே இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ரோமாபுரித் தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஜன்னல் வைத்து, ஜன்னலில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருப்பார்கள். நடு முற்றத்தில் எகிப்திலிருந்து வந்த கறுப்புக் கல் ஸ்பிங்க்ஸ். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அந்த ராஜாவின் சமாதியையே பிற்பாடு கிறிஸ்தவர்கள் தேவாலயம் ஆக்கிக்கொண்டார்கள். சுற்றி நடக்க டிக்கெட் இல்லை. காரை மட்டும் பழைய நகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மண்டலம் மண்டலமாகக் கட்டணம், உள்ளே போகப் போக ஏறும். வெளியே தள்ளி அறை எடுத்து, பஸ்ஸில் வாருங்கள்.

ஸ்பிளிட்டுக்குத் தெற்கே மகார்ஸ்கா. அங்கே உங்களுக்கென்றே ஒரு சாலை இருக்கிறது அண்ணா. பியோகோவோ மலை, கடலிலிருந்து 1,762 மீட்டர். ஊட்டி பஸ் ஸ்டாண்டு அதைவிட உயரம் என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். அங்கே பூஜ்யத்திலிருந்து ஏறுகிறீர்கள், ஏறுகிற வழியெல்லாம் காலடியில் கடல். 23 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒரு வண்டி அகலம்தான், எதிரே வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடம் வரை பின்வாங்க வேண்டும். சமவெளிக்காரர்கள் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் வேர்த்துப் போய் நிற்பார்கள், நீங்கள் இறங்கி உதவி பண்ணுவீர்கள் என்று நினைக்கிறேன். பாதி வழியில் 1,228 மீட்டரில் பாறைக்கு வெளியே கண்ணாடித் தரை போட்டு ஒரு நடைமேடை, 2020-இல் திறந்தது. நுழைய நேரம் குறித்த டிக்கெட், முன்னாலேயே ஆன்லைனில் எடுக்க வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியர், உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும். சூப்பர்வைசர் அண்ணனை அன்றைக்கு மகார்ஸ்கா கடற்கரையில் ஒரு காபியோடு விட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் பாலம். முன்பு டுப்ரோவ்னிக் போக வேண்டுமானால் நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும், கடலோரத்தில் கொஞ்சதூரம் அவர்கள் நாடு. இரண்டு தடவை பாஸ்போர்ட் வரிசை. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்துவிட்டார்கள், 2,404 மீட்டர் நீளம், சுங்கமும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் வரிசையைவிடப் பெரிய விஷயம் விசா. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) சேர்ந்துவிட்டது, பணமும் யூரோ. விசாவில் நுழைவு எண்ணிக்கை ஒன்று என்று போட்டிருந்தால், நேயும் வழியாகப் போனால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி உள்ளே வர முடியாது. ஜிபிஎஸ் சில நேரம் நேயும் வழியைக் காட்டும், பாலத்தை வழியில் ஒரு புள்ளியாகப் போட்டுவிடுங்கள். விசா விண்ணப்பமும் எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் போட வேண்டும். ஜெர்மனியில் இறங்குகிறோம் என்று ஜெர்மனிக்குப் போடாதீர்கள்.

டுப்ரோவ்னிக் வரை போகலாம், ஆனால் அங்கே தங்காதீர்கள். ஸ்டோன் என்ற சின்ன ஊரில் தங்குங்கள். உப்பளத்தைக் காக்க 14-ஆம் நூற்றாண்டில் மலைமேல் கட்டிய மதில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகிறது, உப்பளம் இன்றைக்கும் ஓடுகிறது. அங்கிருந்து விடிகாலையில் கிளம்பி, டுப்ரோவ்னிக் கோட்டை மதில் திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். 1,940 மீட்டர் சுற்று, நிழல் கிடையாது, ஆளுக்கு 35 யூரோவுக்குக் குறையாது. கிட்டத்தட்ட அதே பணத்துக்கு டுப்ரோவ்னிக் பாஸ் எடுத்தால் மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பஸ் எல்லாம் அதில் அடக்கம். பத்து மணிக்குக் கப்பல் கூட்டம் இறங்கும் முன்னால் முடித்துவிட்டு மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

வட்டக்கானல் வீட்டுக்காரி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன், வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். குன்னூர்த் தங்கை நன்றாகச் சொல்லியிருக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தைகூட பிளிட்விட்சே ஏரிகள், அருவிகள் பற்றி இல்லையே! தம்பி, அருவி நமக்குப் புதிதில்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். கல்லூரித் தோழிகளோடு நான் போனபோது எனக்கும் அந்த எண்ணம்தான். 16 ஏரி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டு போட்டாற்போல. தண்ணீரில் கரைந்து வருகிற சுண்ணாம்பு பாசியின் மேலும் குச்சியின் மேலும் படிந்து படிந்து அணையாக வளர்கிறது. யாரும் கட்டவில்லை, இன்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. மரப்பலகைப் பாதைக்குக் கீழே தண்ணீர் ஓடும், மீன் நிற்பது தெரியும். பெரிய அருவி 78 மீட்டர். 1979-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். குளிக்கக் கூடாது. திரும்பும்போது ஏ1-ஐ விட்டு விலகினால் போய்விடலாம். நேரம் குறித்த டிக்கெட், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை விலையும் அதிகம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கிர்கா என்று இன்னொரு அருவிப் பூங்கா இருக்கிறது, அதில் குளிக்கலாம் என்று பழைய பதிவுகளில் எழுதியிருப்பார்கள். 2021 முதல் பெரிய அருவிக்கருகே அங்கேயும் தடை.

நாங்கள் போனது ஆகஸ்ட். வேண்டவே வேண்டாம். அனல், கூட்டம், கார் நிறுத்த இடமில்லை. உங்கள் ஜூன் நல்ல நேரம்.

பேக்கரித் தம்பிக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்லை. ‘பெகரா’ என்று போர்டு போட்ட ரொட்டிக்கடை தெருவுக்குத் தெரு உண்டு, காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். சீஸ் வைத்த புரெக் என்ற அடுக்கு மாவுப் பண்டம் சூடாகக் கிடைக்கும். ஆனால் அவர் கட்டாயம் பார்க்க வேண்டியது ஸோபார்னிக். ஸ்பிளிட்டுக்கும் ஓமிஷுக்கும் நடுவிலுள்ள பொலிட்சா கிராமங்களின் பண்டம். மாவை மேஜை அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, பொடியாக அரிந்த சார்ட் கீரையும் வெங்காயமும் பரப்பி, மேலே இன்னொரு மாவுத் தாள் மூடி ஓரத்தைச் சுருட்டுவார்கள். அடுப்பு மேடையில் நேராகப் போட்டு, மேலே தணலையும் சாம்பலையும் மூடிச் சுடுவார்கள். வெந்ததும் சாம்பலை ஊதித் துடைத்து, பூண்டு நசுக்கிப் போட்ட ஆலிவ் எண்ணெயைத் தடவி, சாய்சதுரமாக வெட்டித் தருவார்கள். முட்டையில்லை, பாலில்லை. ஸ்பிளிட் காய்கறிச் சந்தையில் துண்டு துண்டாக விற்பார்கள். ஓட்டலில் பிளிட்வா கேட்கலாம், அதே கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும். மீனுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் அதை வைப்பார்கள், அதனால் மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீஸ் பிடிக்குமென்றால் பாக் தீவின் ஆட்டுப்பால் சீஸ். புரா காற்று கடல் உப்பைத் தூக்கிப் புல்லின் மேல் வீசுகிறது, செம்மறிகள் அதைத்தான் மேய்கின்றன. எங்கள் கொடைக்கானல் சீஸ்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், அது வேறு ரகம்.

சமையலறையோடு வீடு எடுங்கள். ‘அபார்ட்மானி’ என்று எல்லா ஊரிலும் எழுதியிருக்கும். ஆனால் அரிசி பருப்பை சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். 2023-இலிருந்து ஒரு கடை வருஷத்துக்கு 16 ஞாயிறு மட்டுமே திறக்கலாம் என்று சட்டம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

இன்னொன்று, கடற்கரை மணல் இல்லை, கூழாங்கல். தண்ணீருக்குள் பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும், கறுப்பு முள் உருண்டை. என் தோழி வெறுங்காலோடு இறங்கி, இரவெல்லாம் ஊசி வைத்துக் குடைந்து எடுத்தோம். ரப்பர் செருப்பு அங்கே எந்தக் கடையிலும் தொங்கும். அதை வாங்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

பர்லியார்

நண்பர் கார் கைகூடவில்லை என்றால் மட்டும் இதைப் படியுங்கள். வாடகைக் கார் எடுக்க, ஓட்டுகிறவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டைக் காட்டினால் பல இடங்களில் தலையாட்டிவிடுவார்கள், இல்லையென்றால் தலை சுற்றுகிற விலைக்கு அவர்கள் காப்பீட்டை எடு என்பார்கள். டெபாசிட் தொகையைக் கார்டில் முடக்கிவைப்பார்கள், நம்ம ஊர் கார்டின் லிமிட்டை முன்னாலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கியர் வண்டிதான் சகஜம், உங்களுக்கு அது சவுகரியம். ஆட்டோமேட்டிக் கேட்டால் விலை கூடும். ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம்.

‘முழுக் காப்பீடு’ என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் அதில் வராது. காற்றில் கதவு வளைந்தாலும் அப்படித்தான். படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். நாங்கள் எடுத்த கம்பெனியில், திருப்பிக் கொடுக்கும்போது முன் பம்பருக்குக் கீழே ஒரு கீறலைக் காட்டிப் பெரிய தொகை கேட்டார்கள். எடுத்த அன்றே படுத்துக்கொண்டு அடிப்பாகம் உட்பட வீடியோ எடுத்து வைத்திருந்தேன். தேதியோடு காட்டினதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். நாலு பெரிய ஆளும் நாலு பெட்டியும் சின்னக் காரில் ஏறாது, அதையும் யோசியுங்கள்.

கட்டபெட்டு டிரைவர்

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பர்லியார் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. சூப்பர்வைசரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடித் தரை என்றதும் எழுந்து போய்விட்டான். ஸ்டுட்கார்ட்காரன் இன்ஷூரன்ஸில் கேட்கிறேன் என்றிருக்கிறான்.

இன்னும் கொஞ்சம் கேட்கட்டுமா தங்கச்சி? மோஸ்தார் பாலம் பார்க்கணும் என்று பேக்கரிக்காரன் நிற்கிறான், யூடியூபில் பார்த்தானாம். அது போஸ்னியாதானே? தீவு ஏதாவது ஒன்றுக்குக் காரோடு போக முடியுமா? அப்புறம், ஏ1-இல் திரும்புவது வெறும் எக்ஸ்பிரஸ்வேதானா, பார்க்க ஒன்றுமே இல்லையா?

குன்னூர்க்காரி, மியூனிக்

வட்டக்கானல் அக்கா, பிளிட்விட்சேயை வேண்டுமென்றே விடவில்லை, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பார்க்காததை எப்படி எழுத? ஸோபார்னிக் பற்றி நீங்கள் எழுதினதைப் படித்து ராத்திரி டியூட்டியில் பசி எடுத்துவிட்டது.

மோஸ்தார் போஸ்னியாதான் அண்ணா. பழைய பாலம் 1993 போரில் தகர்க்கப்பட்டது. இப்போது நிற்பது 2004-இல் அதே மாதிரி திரும்பக் கட்டினது. போகலாம், ஆனால் விசாவில் பல முறை நுழைவு இருந்தால் மட்டும். விண்ணப்பத்திலேயே அதைக் கேளுங்கள், மோஸ்தார் போகும் நாளைப் பயணத் திட்டத்தில் எழுதிக் காட்டுங்கள். விசா கையில் வந்ததும் நுழைவு என்ற இடத்தில் 01 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மோஸ்தாரை மறந்துவிடச் சொல்லுங்கள், அழுதாலும் சரி. பல முறை கிடைத்தால் போஸ்னியா தன் பங்குக்கு என்ன கேட்கிறது, கார் காப்பீடு அங்கே செல்லுமா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எல்லை தாண்ட வேண்டும்.

தீவுக்கு ஓரெபிச்சிலிருந்து கோர்ச்சுலா போங்கள். பெல்யெஷாட்ஸ் பாலம் தாண்டினால் அந்தத் தீபகற்பத்தின் கடைசியில் ஓரெபிச், எதிரே தெரிகிறது தீவு. படகு ஏறி உட்காரும் முன்னால் அந்தக் கரை வந்துவிடும். சின்ன ஓட்டங்களில் டிக்கெட் குறிப்பிட்ட படகுக்கு இல்லை. வரிசையில் முன்னால் நிற்கிற வண்டி ஏறும், இடம் முடிந்தால் அடுத்த படகு. அதனால் டிக்கெட் கையில் இருக்கிறது என்று காபி குடிக்கப் போகாதீர்கள். ஹ்வார் தீவுக்குத் த்ரிவெனிக்கிலிருந்தும் போகலாம், ஆனால் இறங்குகிற சூச்சுராயிலிருந்து ஹ்வார் நகரத்துக்கு ஒடுங்கின மலைச் சாலையில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. உங்களுக்குக் கொண்டாட்டம், பின்சீட்டில் இருக்கிறவருக்கு வாந்தி.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெரெட்வா ஆறு கடலில் சேர்கிற வயல்வெளி வரும். மலையே பார்த்து வந்த கண்ணுக்குத் திடீரென்று பச்சைச் சமவெளி, வாய்க்கால் வாய்க்காலாக ஆரஞ்சுத் தோட்டம். சாலையோரத்தில் தட்டிக் கடை போட்டு அத்திப்பழம், தேன், ஆலிவ் எண்ணெய் விற்பார்கள். பேரம் பேசலாம். நான் பேசினேன், படியவில்லை.

ஏ1-இல் ஏறும்போது சீட்டு கொடுப்பார்கள், இறங்கும்போது தூரத்துக்குத் தக்கபடி பணம். பார்க்க ஒன்றுமில்லையா என்று கேட்டீர்களே, வெலெபிட்டைக் குடைந்துகொண்டு போகிற ஸ்வேதி ரோக் சுரங்கம் இருக்கிறது. 5.7 கிலோமீட்டர், 2003-இல் திறந்தது. தெற்கு வாயில் வரை சுள்ளென்று வெயில், அத்திமரம், கள்ளிச்செடி. அந்தப் பக்கம் வெளியே வந்தால் பச்சைப் புல், மூட்டம், குளிர். எங்களுக்கு மழையும் பெய்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைத் தேடினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற நமக்கு ஒரு மணி நேரம் ஆகிற மாற்றம் அங்கே சில நிமிஷத்தில் நடந்துவிடும்.

கட்டபெட்டு டிரைவர்

சரி, முடிவு பண்ணிவிட்டோம். ஸ்லோவேனியாவில் ஒரு ராத்திரி, அப்புறம் ஸென், ஸாதர், ஸ்பிளிட், மகார்ஸ்கா, ஸ்டோன். டுப்ரோவ்னிக் விடிகாலையில் போய் மத்தியானம் வெளியே. திரும்பும்போது பிளிட்விட்சே. மோஸ்தார் விசாவைப் பார்த்து. தீவு ஓட்டுக்கு விட்டோம், இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறது. பேக்கரிக்காரன் ஒன்று கேட்கச் சொன்னான்: ஸ்டுட்கார்ட்காரனுக்கு ஊட்டி வர்க்கியும் ஒரு கிலோ பால்கோவாவும் கொண்டுபோகலாமா, ஏர்போர்ட்டில் பிடுங்குவார்களா?

குன்னூர்க்காரி, மியூனிக்

பால்கோவா வேண்டாம், நெய்யும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பண்டமும் இறைச்சியும் பயணப்பெட்டியில் கொண்டுவரக் கூடாது, சோதனையில் கிடைத்தால் குப்பைத் தொட்டிக்குப் போகும். வர்க்கி, பிஸ்கட், முறுக்கு தாராளமாக வரலாம். நொறுங்காமல் டப்பாவில் போடச் சொல்லுங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரியெகா போகிற வழி மியூனிக்கைத் தொட்டுத்தான் போகிறது அண்ணா, எனக்கும் ஒரு பாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.